ஒரு வருடம் தொடாத பொருள் வேண்டாத பொருளா?

ஜனவரி 3 – வந்த கேள்வி

“ஒரு வருடமாகக் கையில் எடுக்காத எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, கழித்துக் கட்டினால் மனசு லேசாகிவிடும் என்கிறார்கள். போன வாரம் உட்கார்ந்தேன். மூன்று பை நிறைந்தது. நான்காவது பையை விரித்தபோது அழுகை வந்துவிட்டது. விட்டால் விடுதலை என்றார்களே, எனக்கு ஏன் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.”

ஜனவரி 4, இரவு

செய்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். ஆறு வருடத்தில் மூன்று வீடு மாறினேன். மூன்றாவது முறை 43 அட்டைப்பெட்டிகள். அவற்றில் 11 பெட்டிகளை முந்தைய வீட்டில் நான் பிரிக்கவே இல்லை. அதற்கும் முந்தைய வீட்டில் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் அவற்றுக்கு ஏற்றுகூலி கொடுத்திருக்கிறேன், இடம் ஒதுக்கியிருக்கிறேன், மழை பெய்த இரவில் எழுந்து போய் நனைகிறதா என்று பார்த்திருக்கிறேன். அந்த 11 பெட்டிகளின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு முதன்முதலாக உறைத்தது.

உங்கள் அழுகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது பலவீனம் இல்லை. 1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேர் கையில் ஆளுக்கொரு சாதாரணக் குவளையைக் கொடுத்தார்கள். பிறகு, கிடைத்தவர்களிடம் ‘எவ்வளவுக்கு விற்பாய்’ என்றும், கிடைக்காதவர்களிடம் ‘எவ்வளவுக்கு வாங்குவாய்’ என்றும் கேட்டார்கள். குவளை அவர்கள் கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் விற்பவர் கேட்ட விலை, வாங்குபவர் தரச் சம்மதித்த விலையைப் போல இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் கையில் இருந்த குவளைக்கே இந்தப் பிடிப்பு என்றால், பத்து வருடம் அலமாரியில் இருந்ததற்கு எவ்வளவு இருக்கும்? கையை விட்டுப் போவது எதுவானாலும் மனசு அதை இழப்பு என்றுதான் கணக்கு வைக்கிறது.

அதனால் நான் கேள்வியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ‘இதை விடலாமா?’ என்று கேட்டால் எப்போதும் வேண்டாம் என்றே பதில் வரும். ‘இது என்னிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம், இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குவேனா?’ என்று கேட்டுப் பாருங்கள். எனக்குப் பாதிப் பெட்டிகள் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்தன.

ஒரு வருட விதி எனக்குப் பிடித்த விதிதான். எடுத்துக்கொள்ளுங்கள். தொடாதது வேண்டாததுதான்.

ஜனவரி 5

அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். பத்திரங்கள், சான்றிதழ்கள், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், இருட்டில் தேடும் டார்ச் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. தொட வேண்டிய நாள் வராமல் இருப்பதே நல்லது என்ற வகைப் பொருள்கள் அவை.

ஜனவரி 11

‘அவ்வளவு விலை கொடுத்து வாங்கினேனே’ என்ற தயக்கத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இருந்ததிலேயே கனமான தயக்கம் அதுதான்.

என்னிடம் ஒரு இசை கீபோர்டு இருந்தது. முதல் வேலையில் சேமித்து வாங்கியது. வாங்கிய மூன்று மாதம் தினமும் வாசித்தேன், அப்புறம் வாரம் ஒருமுறை, அப்புறம் அதன் மேல் ஒரு துணி. நான்கு வருடம் அந்தத் துணியோடு அறையின் மூலையில் நின்றது. ஒவ்வொரு முறை கடந்துபோகும்போதும் ‘எப்போது?’ என்று அது கேட்கிற மாதிரி இருக்கும். துணியைத் துவைத்துப் போடுவேன், கீபோர்டைத் தொட மாட்டேன். பணம் போனது வாங்கிய அன்றைக்கே போய்விட்டது. வைத்திருப்பதால் அதில் ஒரு காசு திரும்பி வரப்போவதில்லை. இது புத்திக்குத் தெரியும். ஆனால் நான் பிடித்துக்கொண்டிருந்தது பணத்தை அல்ல என்பது பிறகுதான் புரிந்தது. ‘என்றைக்காவது வாசிப்பவன் ஆவேன்’ என்ற ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் வரப்போவதில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் வலித்தது.

பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்தேன். அன்று மாலையே சுவர் வழியாகச் சத்தம் வந்தது. ஒரே நாலு ஸ்வரம், மூன்றாவதில் ஒவ்வொரு முறையும் தப்பு, மறுபடி முதலிலிருந்து. என் அறையில் இருந்த நான்கு வருடத்தில் அது எழுப்பாத சத்தம். அன்றைக்கு எனக்கு இழப்பு என்று எதுவும் தோன்றவில்லை. அந்த மூலையைப் பார்த்தபோது மூச்சு நிதானமாக வந்தது.

ஜனவரி 12

நேற்று எழுதியதைப் படித்தால், யாருக்காவது கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. கீபோர்டு கேட்டு வாங்கப்பட்டது. அந்தப் பெண் அதை வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதே வாரத்தில் வேறு நாலைந்து பேருக்கு நான் கேட்காமலே கொடுத்தவை இருக்கின்றன. உடைந்த கைப்பிடியோடு ஒரு பெட்டி, ஒரு பக்கம் சாயும் புத்தக அலமாரி. வேண்டாம் என்று சொல்ல முடியாத உறவுகள் அவர்கள். என் பாரத்தைத் தூக்கி அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். அதற்குத் தானம் என்று பெயர் கிடையாது.

இப்போது நான் செய்வது: பொருளைப் படம் எடுத்து, குறையையும் சேர்த்துச் சொல்லி, ‘வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

துணிகளும் இப்படித்தான். பையில் போட்டு எங்காவது கொடுத்துவிட்டால் யாரோ உடுத்துவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். உலகத்தில் விற்காததும் வேண்டாததுமான ஆடைகள் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. நம் கண்ணை விட்டுப் போனதெல்லாம் உலகத்தை விட்டுப் போய்விடுவதில்லை.

ஜனவரி 19

“கழித்தேன், ஆறு மாதத்தில் மறுபடி நிறைந்துவிட்டது” என்று ஒருவர் எழுதியிருந்தார். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை.

பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ 1769-இல், வீட்டில் போட்டுக்கொண்டிருந்த தன் பழைய அங்கியை நினைத்து ஏங்கி ஒரு கட்டுரை எழுதினார். பழைய அங்கி நைந்துபோனது. புத்தகத்தில் தூசி இருந்தால் அதன் ஓரத்தால் துடைப்பாராம். பேனாவில் மை இறுகினால் அதிலேயே ஒற்றுவாராம். அதன் இடத்துக்கு ஒரு கருஞ்சிவப்பு அங்கி வந்தது. அழகான அங்கி. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வைக்கோல் நாற்காலி பொருந்தவில்லை, தோல் நாற்காலி வந்தது. பழைய மேசை பொருந்தவில்லை, விலையுயர்ந்த மேசை வந்தது. இப்படியே அறை முழுக்க மாறிவிட்டது. பழைய அங்கிக்கு நான் முதலாளியாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்கிறார். 1988-இல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியலாளர் இதற்குத் திதரோவின் பெயரையே வைத்தார்.

நம்மிடம் இதற்கு வெகுகாலமாகக் கதை இருக்கிறது. கோவணத்தைத் தவிர எதுவும் இல்லாத சாமியார். கோவணத்தை எலி கடித்தது என்று பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு வந்தது. பசுவை மேய்க்க ஆள், ஆளுக்குக் கூலி, கூலிக்கு நிலம், கடைசியில் சம்சாரம். சின்ன வயதில் சிரித்துவிட்டு விட்ட கதை. இப்போது அதில் என்னைக் கவர்வது, அவர் எங்கேயும் பேராசைப்படவில்லை என்பதுதான். ஒவ்வொரு அடியும் நியாயமான அடி.

திருக்குறளின் துறவு அதிகாரத்தில் 344-ஆம் குறள் இதையே சொல்கிறது. “இயல்பாகும் நோன்பிற்கொன்று இன்மை உடைமை மயலாகும் மற்றும் பெயர்த்து.” எதுவும் இல்லாமல் இருப்பதே நோன்புக்கு இயல்பு, ஒன்றே ஒன்று இருந்தாலும் அது மறுபடி மயக்கத்துக்கு இழுத்துவிடும். முன்பு இந்தக் குறளைப் படித்தபோது ‘ஒரு பொருளால் என்ன வந்துவிடும், இவ்வளவு கடுமை எதற்கு’ என்று தோன்றியது. கோவணக் கதையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் கடுமை தெரிவதில்லை, அனுபவம் தெரிகிறது.

ஜனவரி 20

மேலே எழுதியதன் நடைமுறைப் பக்கம்: கழிப்பதைவிட வாசலில் நிறுத்துவது முக்கியம். வாங்கத் தோன்றுவதை ஒரு தாளில் தேதியோடு எழுதி 30 நாள் ஆறப்போடுகிறேன். 30-ஆம் நாள் படித்தால், பலவற்றை ஏன் எழுதினேன் என்றே நினைவு வருவதில்லை.

ஜனவரி 31

‘சுதந்திரம் சுதந்திரம் என்கிறீர்களே, வீடு காலியாக இருப்பதைத் தவிர என்ன கிடைத்தது’ என்று ஒருவர் நேராகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பகல் வேலை போக, மாலையில் நாலு மணி நேரம் இன்னொரு இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பளம் அப்படியே வாடகைக்குப் போகும். பெரிய வீடு, மூன்று அறை. மூன்றாவது அறையில் யாரும் தூங்குவதில்லை, உட்கார்வதில்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் மட்டும் இருந்தன. ஒருநாள் இரவு பத்தரைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக் கதவைத் திறந்தபோது ஒரு எண்ணம் வந்தது. இந்த அறைக்காக நான் மாலை வேலை பார்க்கிறேன். பிரிக்காத 11 பெட்டிகள் படுத்துத் தூங்குவதற்காக நான் தூக்கத்தை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது வீடு சின்னது. இரண்டு அறை. மாலை வேலையை விட்டேன். முதல் வாரம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பது விநோதமாக இருந்தது, என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜன்னலில் வெயில் எந்த நேரத்துக்கு எந்த இடத்துக்கு வருகிறது என்பதை அந்த வாரம்தான் கவனித்தேன். அம்மாவோடு பேச நேரம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது அந்த நாலு மணி நேரம். நான் சுதந்திரம் என்று சொல்வது அதைத்தான்.

பிப்ரவரி 3

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ தன் மேசையில் மூன்று சுண்ணாம்புக் கற்களை அழகுக்கு வைத்திருந்தார். தினமும் அவற்றைத் தூசி தட்ட வேண்டியிருந்தது. மனசில் இருக்கும் தட்டுமுட்டுகளே இன்னும் தூசி தட்டப்படாமல் கிடக்கும்போது இது வேறா என்று மூன்றையும் ஜன்னல் வழியே எறிந்துவிட்டார். 1845 முதல் 1847 வரை இரண்டு வருடம் இரண்டு மாதம் இரண்டு நாள் வால்டன் குளக்கரையில் சின்னக் குடிலில் எளிமையாக இருந்ததைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு இந்த மூன்று கற்கள்தான் பிடிக்கும். பொருள் நம்மிடம் வேலை வாங்குகிறது. துடை, பூட்டு, நகர்த்து, நனைய விடாதே, தொலைக்காதே என்று. எத்தனை பொருள் இருக்கிறது என்பதை நான் எண்ணுவதில்லை, எவ்வளவு வேலை வாங்குகிறது என்றே பார்க்கிறேன். ஆயிரம் புத்தகம் வைத்திருப்பவர் அவற்றால் நிம்மதியாக இருக்கலாம். ஒரே ஒரு கார் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

ஆனால் தோரோ தன் கல்லைத் தானே துடைத்தார். பல வீடுகளில் வாங்குபவர் ஒருவர், துடைப்பவர் இன்னொருவர். 2010-இல் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் வேலைக்குப் போகும் கணவன் மனைவியர் 60 பேரிடம் செய்த ஆய்வு இருக்கிறது. தங்கள் வீட்டைத் தாங்களே சுற்றிக்காட்டச் சொன்னார்கள். அடைசல், முடியாத வேலை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே காட்டிய பெண்களுக்கு, மாலைக்குள் இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு சரியாக இறங்கவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே அடைசல். வீட்டை ஒழிக்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் யார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் துடைக்கும் கைதான் சொல்லும்.

பிப்ரவரி 16

இதை எழுதலாமா என்று பத்து நாளாக யோசித்தேன். ஜனவரி 4-இல் ‘தொடாதது வேண்டாததுதான்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வேகம் பிடித்துவிட்டது. என் சாமான்கள் தீர்ந்ததும் கண் அடுத்த அலமாரிக்குப் போனது. அது அம்மாவுடையது. அம்மா உறவினர் வீட்டுக்கு நாலு நாள் போயிருந்த சமயம். கீழ்த்தட்டில் காலி டப்பாக்கள், கட்டிவைத்த நூல்கள், மடித்த காகிதங்கள், ஒரு பழைய கண்ணாடி ஜாடி நிறையப் பொத்தான்கள். ஒன்றோடொன்று சேராத பொத்தான்கள். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் தட்டை யாரும் திறந்ததில்லை. எல்லாவற்றையும் இரண்டு பையில் போட்டு வெளியே வைத்தேன். துடைத்த தட்டில் ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அவ்வளவு திருப்தி.

அம்மா வந்தார். தட்டைத் திறந்தார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்துவிட்டு, “பொத்தான் ஜாடி எங்கப்பா?” என்று மட்டும் கேட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்புறம்தான் சொன்னார். எந்தச் சட்டை நைந்தாலும், அது துடைக்கும் துணியாவதற்கு முன்னால் பொத்தான்களை வெட்டி அந்த ஜாடியில் போடுவது அவர் வழக்கம். அவரது அம்மா செய்ததைப் பார்த்து வந்தது. மரத்தில் செய்த இரண்டு பெரிய பொத்தான் அப்பாவின் குளிர்ச்சட்டையிலிருந்து. நாலு துளை வெள்ளைப் பொத்தான் என் முதல் பள்ளிச் சட்டை. ஓரம் தேய்ந்து மங்கிய நீலம் அவருடைய தங்கையின் கவுனில் இருந்தது. அந்தத் தங்கை இப்போது இல்லை. உள்ளங்கையில் கொட்டி விரலால் தள்ளிப் பார்த்தாலே எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். வருடத்தில் ஒருநாள் பார்ப்பாரா என்றுகூடத் தெரியாது. பார்க்காத வருடங்களும் இருந்திருக்கும்.

ஒரு வருடம் தொடாத பொருள்.

இரண்டு விஷயம் எனக்கு அன்று புரிந்தது. என் பொருளை விடுவது என் உரிமை. வீட்டில் இன்னொருவர் பொருளை அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் போடுவது, எந்தப் பெயர் வைத்தாலும், திருட்டு. இன்னொன்று, என்னால் எளிதாக விட முடிந்ததற்குக் காரணம் என் பக்குவம் அல்ல. வேண்டுமென்றால் மறுபடி வாங்கிக்கொள்ள என்னிடம் வருமானம் இருக்கிறது. அம்மா வளர்ந்த வீட்டில் ஒரு பொத்தான் தொலைந்தால் சட்டை அப்படியே நிற்கும். காலி டப்பாவும் நூலும் அவருக்கு அடைசல் அல்ல, நாளைக்கான கைமுதல். இல்லாமையைப் பார்த்தவர்களிடம் போய் ‘விட்டுவிடுங்கள், லேசாக இருக்கும்’ என்று சொல்ல எனக்கு என்ன அருகதை?

பிப்ரவரி 17

ஜனவரி 4-இல் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். தொடாதது வேண்டாதது அல்ல. கேள்வி கேட்டவருக்கு: நான்காவது பையில் என்ன இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. அதைக் கட்டி ஓரமாக வையுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 24

துறவு அதிகாரத்தின் முதல் குறளைப் பற்றி யாரோ எழுதியதும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். “யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்.” 341. சொல்லிப் பார்த்தால் உதடு ஒட்டாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அது எல்லாருக்கும் தெரியும். நான் இப்போது கவனித்தது அடுக்கைத்தான். யாதனின் யாதனின், அதனின் அதனின். எது எதிலிருந்து விலகுகிறோமோ அது அதனால் வரும் துன்பம் இல்லை. ஒரு வார இறுதியில் வீட்டைக் காலி செய் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாக என்றுதான் சொல்கிறது. ஒரு பொருள் போனால் அந்த ஒரு பொருளுக்கான கவலை போகும். அவ்வளவே வாக்குறுதி, அதற்கு மேல் இல்லை. கீபோர்டு போனபோது கீபோர்டின் பாரம்தான் போனது. வேறு எதுவும் சரியாகிவிடவில்லை. அது உண்மைதானே.

பிப்ரவரி 26

திருத்தம். பரிமேலழகர் உரையைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. எல்லாப் பொருளையும் ஒருங்கே விடுவதுதான் தலையாயது, அப்படியின்றி ஒவ்வொன்றாக விட்டாலும் அதனதனால் வரும் துன்பம் இல்லை என்பதே கருத்து என்கிறார். ஆக, ஒவ்வொன்றாக விடுவது அவருக்கு இரண்டாம் நிலை. நான் என் வசதிக்கு அதை முதலாக்கிவிட்டேன். ஆனாலும் துறவிக்குச் சொன்னதை வீட்டில் இருப்பவன் எடுத்துக்கொள்ளும்போது அந்த இரண்டாம் வழியே போதும் என்று நினைக்கிறேன். அதற்கும் இடம் வைத்திருக்கிறார்களே, அது பெரிய மனசு.

மார்ச் 8

மேசை இழுப்பறை. மூன்று பழைய போன், எதற்கு என்று தெரியாத ஆறு சார்ஜர், திரை போன ஒரு டேப்லெட். ஒரு போனின் பின்புறம் உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரி உப்பினால் அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. குப்பையோடு சேர்த்தும் போடக் கூடாது, லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் நேரில் கொடுத்தேன். மற்றவற்றில் சிம், நினைவக அட்டையை எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, தகவலை அழித்துவிட்டுக் கொடுத்தேன்.

ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். ‘விடுவது’ என்ற வேலையில் பாதி, எங்கே விடுகிறோம் என்பது.

படங்களும் கோப்புகளும் இடத்தை அடைக்காது என்பதால் அவற்றைப் பற்றி நான் கவலைப்படவில்லை. தேடும்போது கிடைத்தால் சரி.

மார்ச் 15

தனிச்செய்தியில் ஒருவர் தன் மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தார். பெயர் இல்லாமல் இங்கேயே பதில் எழுதச் சம்மதித்தார். பழைய காகிதம் முதல் உடைந்த வாளி வரை எதையும் வெளியே விட மாட்டாராம், நடக்க வழி இல்லாமல் கட்டில் வரை வந்துவிட்டதாம்.

தயவுசெய்து இந்த இழையில் நான் எழுதிய எந்த உத்தியையும் அவரிடம் பயன்படுத்தாதீர்கள். இது சோம்பேறித்தனமோ கஞ்சத்தனமோ இல்லை. 2013 முதல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இது தனிக் கோளாறாகவே இருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் ஆள் வைத்து ஒழித்தால் மறுபடி சேரும், உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போவதுதான் மிச்சம். மனநல நிபுணரிடம் பேசுங்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துக் கையாளும் சிகிச்சை இதற்கு உண்டு, மெதுவாகத்தான் பலன் தரும். அதுவரை கட்டிலிலிருந்து கதவு வரை ஒரு நடைபாதை, அடுப்புப் பக்கம் காகிதம் இல்லாமல் இருப்பது, இந்த இரண்டை மட்டும் அவரிடம் கேட்டு, அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். தீயும் விழுவதும்தான் உடனடி ஆபத்து.

மார்ச் 29

நினைவுப் பொருள்களைப் படம் எடுத்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். அது வேலை செய்கிறது என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது. 2017-இல் வெளியானது, அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் பழைய பொருள்களை நன்கொடையாகச் சேகரித்தபோது நடந்தது. ‘கொடுக்க முடியாத நினைவுப் பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று விளம்பரம் செய்த விடுதிகளில் 613 பொருள்கள் வந்தன. வழக்கமான விளம்பரம் செய்த விடுதிகளில் 533.

நானும் செய்தேன். பள்ளியில் வாங்கிய கோப்பைகள், பழைய அழைப்பிதழ்கள் எல்லாம் படமாகி வெளியே போயின. நிம்மதிதான்.

ஆனால் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “படத்துல பொத்தானைத் தடவிப் பார்க்க முடியுமா?” என்றார். பார்த்தே அடங்கிவிடும் நினைவுகள் உண்டு, விரலுக்கு வேண்டிய நினைவுகளும் உண்டு. அதை யாருடைய விரலோ அவர்தான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 2

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான்காவது பையில் இருந்தவை அவருடைய அண்ணனின் சட்டைகளாம். மூன்று பைகளைக் கொடுத்துவிட்டார், நான்காவதைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டார். இதில் தோற்றுவிட்டேனா என்று கேட்கிறார்.

இல்லைங்க. மூன்று பை போனதால்தானே அந்தச் சட்டைகளுக்கு அலமாரியில் ஒரு முழுத்தட்டு கிடைத்தது.

ஏப்ரல் 21

இங்கே எழுதி இருபது நாள் ஆகிறது, வீட்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது.

என் சாம்பல் நிறச் சட்டை ஒன்று காலரில் கிழிந்துவிட்டது. இருப்பவையே ஆறு சட்டைகள் என்பதால் அடிக்கடி போட்டுப் போட்டு நைந்தது. துடைக்கும் துணிக்கு எடுத்து வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். பொத்தான் அடியில் நூல் இறுகலாகச் சுற்றியிருக்கும், அங்கே துணி கிழியாமல் வெட்டுவது எனக்கு வரவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாங்கி, கட்டை விரலால் பொத்தானைத் தூக்கிப் பிடித்து, நூலை மட்டும் ஒரே வெட்டு. ஏழும் மேசையில் உருண்டன. கைப்பட்டியில் இரண்டு, காலருக்கு உள்பக்கம் தைத்திருந்த உபரிப் பொத்தான் ஒன்று. மொத்தம் பத்து.

ஜாடி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது என்றார். கீழ்த்தட்டைத் திறந்தார். துடைத்து வைத்த அந்தத் தட்டில் மூடி போட்ட ஒரு சின்ன மருந்துக் குப்பி மட்டும் இருந்தது. உள்ளே ஏற்கெனவே மூன்று பொத்தான்கள். எப்போது ஆரம்பித்தார் என்று தெரியவில்லை. பத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டு மூடிவிட்டு, காதருகே வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.